குதிரை இல்லாத படை

"எம்.எஸ்ஸி. படிக்க வந்தவன் விளையாட்டைப் பற்றியா எழுதுவது? இவனுக்கு வேறு வேலை இல்லையா?" என்று மலர்க் குழுவினர் கேட்கக்கூடும். வேலை இருக்கத்தான் இருக்கிறது. செய்யாமல் விட்ட வேலையின் கதையும் இக்கட்டுரையில் வரும். ஆகவே அன்பர்கள் முழுவதையும் படித்துவிட்டுத் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகிறேன்.

முனிர்காவை அறியாதார் நம் சங்கத்தில் இரார். 2018இல் மெட்ரோ வந்தது. அதற்குப் பின்னும் சந்துகள் அகலவில்லை. வானத்தைப் பார்க்க நிமிர்ந்தால் மின்கம்பிகளே தென்படும். எதிர்வீட்டுக்காரர் சன்னல் வழியே கை நீட்டினால் நம் தேநீரை எடுத்துக் குடித்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். அப்படிப்பட்ட சந்து ஒன்றில், மூன்றாம் மாடியில், அரியானாக்கார நண்பன் ஒருவனோடு அறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறேன். அவன் நல்லவன். ஆனால் முதல் ஒரு மாதம் என்னை 'மதராசி' என்றே அழைத்தான். நான் சென்னையைச் சேர்ந்தவன் அல்லன், செயங்கொண்டத்தை அடுத்த சிற்றூரினன் என்று விளக்கியபோது, "அதுவும் மதராசில்தானே இருக்கிறது?" என்றான்.

எங்கள் ஊர் வயல் வரப்பில் நின்றால் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் தெரியும். இராசேந்திர சோழனின் படை கங்கைவரை நடந்தது. மன்னன் கோதாவரிக் கரையில் தங்கிப் படை திரும்பும்வரை காத்திருந்தான் என்பது செப்பேட்டுச் செய்தி. நானோ முன்பதிவு செய்த படுக்கையில் இரண்டு இரவு உறங்கியே யமுனைக் கரையை அடைந்தேன். வீரத்தில் அவ்வளவுதான் வேறுபாடு!

நிற்க. விளையாட்டுக்கு வருவோம்.

கணிப்பொறி விளையாட்டுகளில் 'விரிவு' என்று ஒன்று உண்டு. மூல விளையாட்டு வெளிவந்து மக்கள் அதில் தேர்ந்தபின், புதிய நாடுகளையும் புதிய பகைவர்களையும் புதிய கதையையும் சேர்த்து வெளியிடுவார்கள். இதில் ஆக்குவோர்க்கு ஓர் இடர் இருக்கிறது. வருகிறவன் புதியவன் அல்லன். மூலத்தைக் கரைத்துக் குடித்தவன். அவனை எப்படித் திணறச் செய்வது? எளிதாக அமைத்தால் கொட்டாவி விடுவான். கடுமையாக அமைத்தால் கடையைத் திட்டுவான். 2024 சூன் 21இல் சப்பானின் பிரம்சாப்ட்வேர் நிறுவனம் 'எல்டன் ரிங்' என்ற தன் விளையாட்டுக்கு 'ஷேடோ ஆப் தி எர்ட்ட்ரீ' என்னும் விரிவை வெளியிட்டது. வீரன் மூலத்தில் சேர்த்த வலிமை மட்டும் அங்கே போதாது. அந்நிலத்துக்கே உரிய பொற்றுண்டுகளைத் தேடிப் பொறுக்கினால்தான் நிமிர்ந்து நிற்கலாம். ஊரில் பெரிய மனிதராக இருந்தவர் தில்லியில் வாடகை வீடு தேடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பலர் ஓலமிட்டார்கள். ஒரு வாரம் கழிவதற்குள், முதலில் கிடைக்கும் துண்டுகளின் பயனை ஆக்கியோர் உயர்த்த வேண்டியதாயிற்று. கடுமையைத் தராசில் நிறுத்துப் போடுவது அவ்வளவு அரிது.

நான் சொல்ல வந்தது வேறொரு விரிவைப் பற்றி. அது நம்மைப் பற்றியது.

'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' என்ற விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999இல் வந்தது. அமெரிக்காவின் டெக்சாசில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் ஆக்கியது. பதின்மூன்று நாட்டினர் அதில் இருந்தனர். சீனர் உண்டு, பாரசீகர் உண்டு, மங்கோலியர் உண்டு, இந்தியர் இல்லை. செயங்கொண்டத்துக் கணிப்பொறிக் கடையில் மணிக்கு இத்தனை என்று காசு கொடுத்து, பன்னிரண்டு வயதில், நான் சீனனாகவும் பாரசீகனாகவும் போர் புரிந்தேன். கோயிலுக்குப் பக்கத்தூர்ப் பையனுக்குச் சோழன் அங்கே இல்லையே என்று ஒருநாளும் தோன்றவில்லை. இல்லாதது இல்லாததாகவே தெரியவில்லை.

2013இல் வந்த விரிவில் இந்தியர் வந்தனர். அந்த விரிவின் கதை சுவையானது. விளையாட்டின் மேல் பித்துக்கொண்ட அன்பர் சிலர் தாமாகவே செய்துவந்த வேலை, பிறகு முறையான வெளியீடாக ஏற்கப்பட்டது. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அவர்கள் படைத்த 'இந்தியர்' ஒரே நாட்டினர், ஒரே குரல், அதுவும் இந்துசுத்தானிக் குரல். அவர்களுடைய தனிப்பெருமை ஒட்டகப்படை! ஒட்டகத்தை நான் முதன்முதலில் கண்டது தில்லிக்கு வந்த பிறகுதான். 'மதராசி' என்று நண்பன் எல்லாரையும் ஒரு மூட்டையில் கட்டினானே, அதைவிடப் பெரிய மூட்டை இது.

2022 ஏப்ரல் 28இல் மூட்டை அவிழ்ந்தது. 'டைனஸ்டீஸ் ஆப் இந்தியா' என்ற விரிவு வெளிவந்து, பழைய இந்தியர் இந்துசுத்தானியர் என்று பெயர் மாறினர். கூர்ச்சரர், வங்காளியர், திராவிடர் என மூவர் புதிதாய் வந்தனர். திராவிடர்க்கு இராசேந்திர சோழன் கதை ஐந்து கட்டங்களாக அமைந்தது.

முதற் பருவத்துக் குளிர்காலம். மூடுபனி சன்னலில் அப்பிக் கிடக்க, நண்பனுடைய கணிப்பொறியில் முதன்முதலாக அந்தத் திராவிடரைத் தேர்ந்தேன். ஓர் உழவனைச் சொடுக்கினேன். அவன் தமிழில் விடை சொன்னான்! தொலைபேசியில் அன்றி அந்த அறையில் நான் கேட்ட முதல் தமிழ்க்குரல் அதுவே. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேலை ஒன்றும் ஏவாமல் அவனையே பத்துப் பதினைந்து முறை சொடுக்கிக்கொண்டிருந்தேன். "அவனுக்கு என்ன, காது கேட்காதா?" என்றான் நண்பன்.

இனி இசை, கதை, கடுமை ஆகிய மூன்றையும் என் சிற்றறிவுக்கு எட்டியவரை எடைபோடுகிறேன்.

இசையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்த நாட்டைத் தேர்ந்தாலும் ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்நாட்டுக்குரிய சிறு இசைத் துணுக்கு ஒலிக்கும். அன்று ஸ்டீபன் ரிப்பி இசையமைத்த காலத்திலிருந்தே உள்ள வழக்கம் இது. திராவிடர்க்கும் ஒன்று கிடைத்தது. ஆனால் சில நொடிகளில் என்ன செய்ய முடியும்? வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டலாம். வீட்டுக்குள் அழைத்துச் சென்று சோறு போட முடியாது.

கதையோ பெருமைக்குரிய கதை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் இராசேந்திரனைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி மெய்க்கீர்த்தி வழியாக வந்தது. தன் வெற்றிகளைத் தானே கல்லில் வெட்டுவித்த மன்னனின் கூற்று அது. அதன் மேல் கட்டும் கதையில் வெற்றிக்குப் பின் வெற்றி வருவதில் வியப்பென்ன? கடாரத்துத் தெருவில் அன்று வீடு இழந்தவன் மெய்க்கீர்த்தி எழுதவில்லை. பெயர்களிலும் கொஞ்சம் குழப்பம் உண்டு. திராவிடரின் தனிக் கப்பலுக்குத் 'திரிசடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அறிந்த திரிசடை அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் கூறியவள் ஒருத்திதான். அந்த அம்மையார் அம்புமாரி பொழிந்து பகைவர் கலங்களை மூழ்கடிப்பதைக் கண்டு திடுக்கிட்டேன்.

ஆனால் கடுமை இருக்கிறதே, அங்கேதான் ஆக்கியோர் உண்மை பேசியிருக்கிறார்கள்.

எதிரில் நண்பன் கூர்ச்சரனாக அமர்வான். அவனுடைய குதிரை வீரர் எய்த அம்புக்கு விலகி ஓடும் வித்தை கற்றவர்கள். ஒட்டகப்படையும் உண்டு. நானோ லாயத்தைக் கட்டிவிட்டுப் பார்த்தால் உள்ளே கனத்த குதிரைவீரன் இல்லை, ஒட்டகம் இல்லை. ஒற்றர் குதிரையை ஓரளவு உயர்த்தலாம், அத்துடன் சரி. மற்றபடி யானை. யானை நடந்துவந்து சேருவதற்குள் என் வயலும் உழவரும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். 'அரேபியா' என்றொரு திறந்த வெளி நிலம் அவ்விளையாட்டில் பெயர்பெற்றது. விரைந்தவன் வெல்லும் நிலம். அதில் நான் தொடர்ந்து தோற்ற இரவுகளை எண்ணிச் சொன்னால் இம்மலரில் இடம் போதாது.

ஆத்திரத்தில் ஒருநாள், "எங்களை மட்டம் தட்டுவதற்கென்றே செய்திருக்கிறார்கள்!" என்று கத்தினேன். கத்திவிட்டு எண்ணிப் பார்த்தேன். குதிரை இல்லாமை பொய்யா? தென்னாட்டில் நல்ல குதிரை பிறந்து வளர்வது அரிது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல் வழியே கணக்கற்ற குதிரைகளை அரசர் விலைக்கு வாங்குவதையும், பேணத் தெரியாமல் அவை மடிவதையும் எழுதிவைத்தார். அவ்வளவு தூரம் ஏன்? மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கப்போன கதைதானே! பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டுவிட்டார் அமைச்சர். இறைவன் நரியைப் பரியாக்கி அவரைக் காத்தான். ஒரு நாட்டில் குதிரைப் பஞ்சம் எவ்வளவு இருந்தால் இப்படி ஒரு திருவிளையாடல் பிறக்கும்! அரேபியாவிலிருந்து குதிரை வாங்கிய நாட்டான் 'அரேபியா' நிலத்தில் தோற்கிறான். இதில் ஏளனம் எங்கே இருக்கிறது? வரலாறுதான் இருக்கிறது.

இது புதிய உத்தியும் அன்று. 2000இல் வந்த முதல் விரிவிலேயே ஆசுடெக்கு, மாயா மக்களுக்குக் குதிரை கொடுக்கவில்லை. ஐரோப்பியர் வருமுன் அவர்கள் மண்ணில் குதிரை இல்லை அல்லவா? பக்கம் பக்கமாய் எழுத வேண்டியதை ஒரு வெற்று லாயத்தால் சொல்லிவிட்டார்கள். படிப்பவன் மறப்பான், தோற்றவன் மறப்பானா?

கொடுத்தவற்றிலும் இந்த நேர்மை உண்டு. விரிவு வெளிவந்தபோது திராவிடர் ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இனாமாகப் பெற்றனர். மீனவர் மற்றவரைவிட அதிக மீன் சுமந்தனர். மரமும் மீனும் சேர்ந்தால் கப்பல். நிலத்தில் கெட்டவனைக் கடலுக்குப் போ என்கிறார்கள். நான் போனேன். தீவுகள் நிறைந்த நிலத்தைத் தேர்ந்து நண்பனை வரச்சொன்னேன். அவனுடைய குதிரைகள் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்றிரவு நான் முதன்முறையாக வென்றேன். திரிசடை அம்மையாரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒரு குறை மட்டும் கூறுவேன். 'ஊட்சு' எஃகு என்ற நுட்பத்தைக் கற்றால் திராவிட வாள் எந்தக் கவசத்தையும் இல்லாததாகப் பாவித்து வெட்டும். நம் உருக்கு என்ற சொல்லோடும் கன்னடத்து உக்கு என்ற சொல்லோடும் உறவுடையது ஊட்சு. ஈரோட்டை அடுத்த கொடுமணலில் பழங்கால உலைகளை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். மின்காந்தத்தில் புகழ் பெறுவதற்கு முன்பே பாரடே 1820ஐ ஒட்டி இந்த எஃகை ஆராய்ந்தார். பெருமை உண்மை. ஆனால் எதையும் துளைக்கும் எஃகு என்று ஒன்று இல்லை. பொருளியற்பியல் தாளில் அப்படி எழுதினால் சுழியம்தான் கிடைக்கும்.

தாள் என்றதும் நினைவு வருகிறது. அந்தக் குளிர்காலத்துப் பருவத்தேர்வில் குவாண்டம் இயக்கவியலில் நான் தேறவில்லை. விளையாட்டின்மேல் பழி போடமாட்டேன். பாடம் புரியவில்லை, புரியவில்லை என்று கேட்க வெட்கம், வெட்கத்தை மறக்க விளையாட்டு. ஊரில் எங்கள் தெருவிலிருந்து தில்லிக்குப் படிக்கப்போன முதல் ஆள் நான். ஞாயிறுதோறும் அப்பா அழைப்பார். "படிப்பெல்லாம் எப்படி தம்பி போவுது?" "நல்லாப் போவுதுப்பா." இரண்டு மாதம் இதே கேள்வி, இதே விடை.

அதற்கிடையில் மற்றொரு அடியும் விழுந்தது. கீழ்மாடியில் மாண்டியாவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் வென்ற களிப்பில், "பாருங்கள், நம் மொழி பேசுகிறார்கள்!" என்று அவருக்கு விளையாட்டைக் காட்டினேன். சிறிதுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல, "திராவிடர் என்றால் நாங்களும்தானே? எங்கள் ஒய்சள வீரன் ஏன் தமிழ் பேசுகிறான்?" என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. இந்தியர் எல்லாரும் ஒரு குரலில் பேசியபோது எனக்குச் சுட்டது. தென்னாட்டார் எல்லாரும் என் குரலில் பேசியபோது இனித்தது. கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் அந்த மூட்டைக்குள் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. மதராசி என்று என்னை அழைத்த நண்பன் பக்கத்தில் அமர்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நாட்களில்தான் 'வெண்பா' என்ற மற்றொரு விளையாட்டு கைக்கு வந்தது. அது விரிவு அன்று. சிறிய, தனி விளையாட்டு. கனடாவின் டொரண்டோ நகரத்து விசை கேம்ஸ் 2023 சூலை 31இல் வெளியிட்டது. மறு ஆண்டு பிரித்தானியத் திரைக்கழகமான பாப்டாவின் முதற்படைப்புப் பரிசையும் பெற்றது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். போர் இல்லை, பகைவர் இல்லை, தோல்வியும் இல்லை. சமையல்தான். தாயின் தாய் கொடுத்த சமையல் ஏடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விட்டுப்போன வரியில் என்ன இருந்தது என்று நாமே தேற வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே முதற் புதிர். நம் வீட்டுச் சிறுவர் விழித்துக்கொண்டே சொல்லமாட்டார்களா என்று நினைத்தேன். தவறாகத்தான் அடுக்கினேன். அம்மா அடுக்குவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயர்ப்பலகை என்று நான் குறைகூறிய இசை இங்கே வீட்டுக்குள் வருகிறது. சமைக்கும்போது வானொலி பாடும். தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டும் வகையில், விளையாட்டுக்கென்றே புதிதாய் ஆக்கிய பாடல்கள். ஆண்டுகள் நகர்வதை யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டின் நடை மாறும்போதே கவின் வளர்ந்துவிட்டான் என்று தெரிந்துவிடும். அங்கே குதிரை இல்லாமை எப்படியோ, இங்கே ஏட்டில் வரி இல்லாமை அப்படி. ஆனால் இங்கே கேட்பதற்கு ஆள் இருக்கிறாள். கேட்க வேண்டியவன்தான் கேட்பதில்லை.

விளையாட்டை மூடிவிட்டு உண்மையாகவே மாவு அரைத்தேன். வீட்டுக்கார அம்மாள் தம் மிக்சியை ஐயத்தோடு கொடுத்தார். சனவரி மாதத்து முனிர்காவில் இட்லி மாவு புளிக்குமா? ஒரு நாள் வைத்தேன், இரண்டு நாள் வைத்தேன். சுண்ணாம்புக் குழம்பு போல் அசையாமல் கிடந்தது. நுண்ணுயிர்க்கு எத்தனை பாகை வெப்பம் வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. தில்லிக் குளிரில் அதை எங்கே போய்த் தேடுவது என்று இல்லை. கடைசியில் ஞாயிறுவரை காத்திராமல், வியாழன் இரவு நானே வீட்டுக்கு அழைத்தேன்.

"உப்பு போட்டுக் கையால கலக்குனியா, கரண்டியாலயா?" என்றார் அம்மா.

"கரண்டியால."

"அதான். கைச்சூடு படணும்டா. கலக்கிட்டு, கம்பளியில சுத்தி வை." பிறகு சற்று நிறுத்தி, "ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

சொல்லிவிட்டேன். எந்தத் தாள், எத்தனை மதிப்பெண், எத்தனை வாரமாக மறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தொலைபேசி அப்பாவின் கைக்கு மாறிய ஓசை கேட்டது.

"திரும்ப எழுதலாமா அத?" என்றார் அப்பா.

"எழுதலாம்ப்பா."

"புரியலன்னா யார்கிட்டயாவது கேப்பியா, வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடப்பியா?"

"கேக்கறேன்ப்பா."

"சரி. கம்பளியில சுத்தி வைக்கச் சொன்னா பாரு அம்மா, மறந்துடாத."

மூத்த மாணவர் ஒருவரிடம் இப்போது வாரத்தில் இரண்டு மாலை குவாண்டம் படிக்கிறேன். மாவு மறுநாள் இரவே பொங்கி, பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு கம்பளியிலும் வழிந்தது. கம்பளி நண்பனுடையது. இட்லிக் கொப்பரை இல்லாததால் தோசையே வார்த்தேன். மாண்டியா நண்பரையும் அழைத்தோம். அவர் தம் ஊர் வழக்கப்படி சட்னியில் சிறிது வெல்லம் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். நான்காவது தோசைக்குக் கை நீட்டியபடியே அரியானா நண்பன், "இன்றைக்குக் கடலா, அரேபியாவா?" என்று கேட்டான்.

"அரேபியா" என்றேன்.